முறுக்குக் கம்பெனியிலிருந்து திரும்பிய பையன்: உசிலம்பட்டிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் முதல் 2025 இறுதி வரை ஒரு பையனுக்கு நடந்ததை, அவனைத் தொடர்ந்து கவனித்த களப்பணியாளர்களில் ஒருவராக இங்கே பதிவு செய்கிறேன். மதுரை மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியில் இருப்பவர்களுக்கும், பள்ளி, ஐடிஐ ஆசிரியர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. அதனால் ஊர், பெயர் எதுவும் இல்லை. சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாசித்துக் காட்டி, பையனிடமும் அவன் அம்மாவிடமும் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன்.

## குடும்பமும் ஊரும்

உசிலம்பட்டி வட்டத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அணை நிரம்பும் தறுவாயில்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் திறப்பார்கள். திறக்காத வருஷங்களே அதிகம். கிணறு இருப்பவர்கள் மல்லிகை போடுகிறார்கள். இல்லாதவர்கள் அவர்களிடம் பூ எடுக்கப் போகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போகிறார்கள். வட மாநிலங்களில் உள்ள முறுக்குக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவது இந்தப் பக்கத்தில் வெகுநாளாக நடக்கிறது. போய்ச் சம்பாதித்து வீடு கட்டியவர்களும் உண்டு. அந்த வீடுகளைக் காட்டித்தான் மற்றவர்களை அழைத்துப் போகிறார்கள்.

அப்பா லாரியில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். 2021-இல் நோயில் இறந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்காக வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய வாரக் குழுக்கடன் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தது. அம்மா, எட்டாம் வகுப்பில் தங்கை, அடுத்த தெருவில் அம்மாச்சி. பையன் 2022 ஜூன் 20-ஆம் தேதி வந்த ரிசல்ட்டில் பத்தாம் வகுப்பு தேறினான். கொரோனாவால் ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலான நாள் பள்ளியே நடக்காத தலைமுறை அது. அவன் 300-க்கு மேல் மார்க் வாங்கியிருந்தான்.

அந்த மாதக் கடைசியிலேயே ஏஜென்ட் வந்தார். வெளியாள் இல்லை, பையன் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். மகாராஷ்டிராவில் தங்கி வேலை, மூணு வேளை சாப்பாடு, மாதம் 6,000 ரூபாய், கையில் 40,000 ரூபாய் அட்வான்ஸ். அம்மா யோசித்தார். பையன் தானே போகிறேன் என்றான். தங்கையின் படிப்பு நிற்கக் கூடாது என்பது அவன் சொன்ன காரணம். பதினைந்து வயது அப்போது. பணத்தை வாங்கிய அம்மாவைக் குற்றவாளியாக வைத்து இந்த ஆய்வை வாசிக்க வேண்டாம். வாசலில் குழுக்கடன்காரர் உட்கார்ந்திருக்கும்போது கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது.

## அங்கே இருந்த ஏழு மாதம்

அதிகாலை மூன்று மணிக்கு எழுப்புவார்கள். மாவு பிசைவது, பிழிவது, சுடுவது, பாக்கெட் போடுவது, மாலையில் சைக்கிளில் கடை கடையாகக் கொடுப்பது. படுக்கை அடுப்புக்குப் பக்கத்தில். போன போதே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முறுக்கு கருகினால் அடி. சம்பளம் என்று கையில் எதுவும் வரவில்லை. கேட்டால் அட்வான்ஸில் கழிகிறது என்ற பதில். வீட்டுக்கு மாதம் ஒரு தடவை, ஓனர் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் பேசலாம்.

அவனோடு இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் அவனைவிட மூத்தவர்கள். ஒருவன் பக்கத்து ஊர்ச் சின்னப் பையன், பதின்மூன்று வயது. ராத்திரியில் அழும் அந்தப் பையனைத் தூங்க வைப்பதும், அவன் பங்கு மாவைச் சேர்த்துப் பிசைவதும் இவன் வேலையாகிப் போனது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் சின்னவன் காலில் கொதி எண்ணெய் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை, பற்பசை தடவினார்கள்.

ஏழு மாதத்தில் தன்னை அடித்தபோதெல்லாம் தப்பிக்க நினைக்காதவன், இரண்டு நாள் கழித்து, பாக்கெட் மூட்டைகளுக்கு நடுவில் சின்னவனை கேரியரில் உட்கார வைத்து சைக்கிளை ஸ்டேஷனுக்கு மிதித்தான். சரக்குப் போடப் போகும்போது அங்கே 1098 என்று எழுதிய பலகையையும் குழந்தைகள் உதவி மையத்தையும் பார்த்து வைத்திருந்தான். இந்தி அவ்வளவாக வராது. சின்னவனின் காலைத்தான் காட்டினான். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு அம்மாச்சியின் போன் நம்பரைச் சொன்னான். அவனுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பர் அது.

பிறகு நடந்தது வழக்கமான நடைமுறை. அந்த ஊர்க் குழந்தைகள் நலக் குழு (மீட்கப்பட்ட சிறாரை எங்கே, யாரிடம் வைப்பது என்று முடிவு செய்யும் அமைப்பு), சின்னவனுக்குச் சிகிச்சை, சில நாள் இல்லத்தில் தங்கல், போலீஸ் சோதனை, மற்ற மூவரும் மீட்பு, துணை ஆட்களோடு ரயிலில் மதுரை. ஓனர் மீது வழக்குப் பதிவானது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கொத்தடிமையாக வைப்பதும் சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் பெறத்தக்க குற்றம்.

## திரும்பி வந்தபோது கண்டவை

மதுரைக் குழந்தைகள் நலக் குழு முன் வந்தபோது ஆள் மெலிந்திருந்தான். இரண்டு முன்கையிலும் எண்ணெய்த் தெறிப்பின் தழும்பு, விரலிடுக்குகளில் புண். கேட்டதற்கு மட்டும் பதில். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நான் போனபோது பார்த்தவற்றை அப்படியே குறிக்கிறேன்.

நின்றுகொண்டே சாப்பிட்டான், அதுவும் ஐந்து நிமிடத்துக்குள். அம்மா தட்டை எடுக்கும் முன் தானே கழுவி வைத்தான். மூன்று மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று தங்கை சொன்னாள். நான் பேசிக்கொண்டிருந்தபோதே எழுந்து, "அம்மா, பாத்ரூம் போகட்டுமா?" என்று கேட்டான். தன் வீட்டில், தன் அம்மாவிடம். அம்மா அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார்.

ஊர் இதையே வேறு விதமாகப் பார்த்தது. "போகும்போது விளையாட்டுப் பிள்ளையா போனான், பெரிய மனுசனா வந்துட்டான்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எதிர்த்துப் பேசுவதில்லை, சுற்றுவதில்லை, சொன்ன வேலையைச் செய்கிறான். பட்டால்தான் புத்தி வரும் என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அன்போடு சொன்னதுதான். ஆனால் நான் இதை அழுத்தியே சொல்ல வேண்டும்: அது பக்குவம் இல்லை. அடி வாங்காமல் இருக்க ஒரு பையன் கற்றுக்கொண்ட அடக்கம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அவனிடம் இல்லை என்ற சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நாட்களில் அவன் யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துப் போனோம். தூக்கத்துக்கும் பயத்துக்கும் சிகிச்சை தொடங்கியது.

## முதல் முடிவு: வீடா, இல்லமா

ஏஜென்ட் இருப்பதும் அதே ஊரில். அதனால் சில மாதம் மதுரையில் ஒரு இல்லத்தில் வைக்கலாம் என்ற யோசனை குழுவில் வந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுவே சரி. மறுபக்கம், குழந்தையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் வழி, இல்லம் கடைசி வழி என்பதுதான் சட்டத்தின் நிலைப்பாடு. பையனைக் கேட்டபோது உங்கள் இஷ்டம் என்றான். இந்தப் பதிலை சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி, தனியாக, அம்மாச்சியை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டோம். நெடுநேரம் கழித்து, "ராத்திரி கதவை வெளியில பூட்டுவாங்களாக்கா?" என்றான். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மாச்சி வீட்டில் படுக்கை, அம்மா வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடானது. ஏஜென்ட் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று காவல் நிலையத்தில் எழுதி வாங்கினோம்.

## பூக்காட்டில் நான்கு மாதம்

பிளஸ் ஒன், ஐடிஐ எதில் சேருவதானாலும் ஜூன் வரை காத்திருக்க வேண்டும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து நான்கு மாதம் சும்மா இருக்கும் பையனை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு இருந்த பெரிய கவலை. ஏஜென்ட்கள் மறுபடி தூக்கிக்கொண்டு போவது இந்த இடைவெளியில்தான்.

வழியை அம்மாச்சி கண்டுபிடித்தார். மல்லிகை சீசன் பங்குனியில் சூடு பிடிக்கும். மொட்டு விரியும் முன் பறித்தால்தான் விலை. அதனால் விடியும் முன்பே காட்டில் இறங்கிவிடுவார்கள். "முழிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கான், என்கூட வரட்டும்" என்றார். வேலைக்கு அனுப்பிவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்று நாங்கள் தயங்கினோம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையையும் தடுக்கிறது. 14 முதல் 18 வரை அபாயகரமான வேலைகளை மட்டும் தடுக்கிறது. சட்டப்படி தடையில்லை. என்றாலும் அம்மா, அம்மாச்சியோடு மட்டும் போக வேண்டும், பணம் அவன் கைக்கே வர வேண்டும், மருந்து தெளித்த காட்டுக்குப் போகக் கூடாது, வேண்டாம் என்று தோன்றும் நாளில் போகாமல் இருக்கலாம் என்று நிபந்தனை வைத்து ஒத்துக்கொண்டோம். கடைசி நிபந்தனைதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

ஒரு நாள் நானும் போனேன். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்று சாயங்காலம் விரியப் போகும் மொட்டு வெளுத்துத் திரண்டிருக்கும். பச்சை ஓடியதை நாளைக்கு விட வேண்டும். அந்த வெளிச்சத்தில் இரண்டையும் பிரிப்பது லேசில்லை. முதல் வாரம் பச்சை மொட்டையும் சேர்த்துக் கிள்ளி, காட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியிருக்கிறான். பேச்சோடு நின்றது, அடி விழவில்லை. தப்புச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவனுக்குப் பெரிய செய்தி என்று அம்மாச்சி சொன்னார். அந்த வாரத்துக்குப் பிறகு அவன் கொஞ்சம் பேசத் தொடங்கினான்.

ஏப்ரலில் நடந்ததைப் பெரிதாகப் பார்க்கிறேன். எடுத்த பூவுக்குக் கிலோக் கணக்கில் கூலி. எடை போடுவது காட்டுக்காரர், எழுதுவதும் அவரே. அம்மா ஒருநாளும் சீட்டுக் கேட்டதில்லை. இவன் தங்கையின் பழைய நோட்டில் தேதி போட்டு, மூன்று பேர் எடுத்த எடையை எழுதி வைத்தான். வாரக் கடைசியில் கூலி கொடுத்தபோது ஒன்றரைக் கிலோ குறைந்தது. அவன் நோட்டை நீட்டினான். காட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, சரிதான்யா, என் நோட்டில் வியாழக்கிழமை விட்டுப்போச்சு என்று மீதியைக் கொடுத்தார். நல்ல மனிதர். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் பையன் மறுபடி கேட்டிருக்க மாட்டான்.

## அட்வான்ஸ் கணக்கு

மே மாதம் ஏஜென்ட் ஆள் விட்டார். பாதியில் ஓடி வந்துவிட்டான், ஓனர் என்னைக் கேட்கிறார், இருபதாயிரமாவது கொடுங்கள் என்றார். கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. செல்லாத கடனுக்குப் பணம் வாங்குவதே மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நாங்கள் அம்மாவிடம் இதை விளக்கினோம். அவருக்குச் சட்டம் புரிந்தது, மனம் ஒப்பவில்லை. வாங்கிய காசைக் கொடுக்காமல் எப்படித் தெருவில் நடப்பது என்றார். தோட்டைக் கழற்றி அடகு வைக்கத் தயாரானார்.

போலீசில் உடனே எழுதிக் கொடுப்பதா, பையன் சொல்லக் கேட்பதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. இரண்டையும் செய்தோம். புகார் மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு, பையன் என்ன நினைக்கிறான் என்று கேட்டோம். அவன் ஒரு நாள் டைம் கேட்டான்.

மறுநாள் சாவடியில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், ஏஜென்ட், அம்மா, நாங்கள். பையன் நோட்டுத் தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், தாள் ஆடியது. "மாசம் ஆறாயிரம்னு நீங்கதான் சொன்னீங்க சித்தப்பா. ஏழு மாசம் பார்த்திருக்கேன். நாப்பத்திரெண்டாயிரம். நாப்பது வாங்கியிருக்கோம். மிச்சம் ரெண்டாயிரம் நீங்கதான் எங்களுக்குத் தரணும்." கொஞ்சம் நிறுத்தி, "அடிக்குக் கணக்குப் போடலை" என்றான்.

பெரியவர்களில் ஒருவர் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். ஏஜென்ட் ஏதோ சொல்ல ஆரம்பித்து எழுந்து போய்விட்டார். இரண்டாயிரம் வரவில்லை, அதன் பிறகு அவரும் வரவில்லை. எங்கள் மனுவையும் காவல் நிலையத்தில் கொடுத்தோம். ஆனால் அம்மாவைத் தோட்டை மறுபடி போட்டுக்கொள்ள வைத்தது சட்டப் பிரிவு இல்லை, மகன் போட்ட கணக்கு. கடன் செல்லாது என்று நாங்கள் சொன்னபோது அவருக்குத் தலைகுனிவு. உழைத்துக் கழித்தாயிற்று என்று பையன் சொன்னபோது கௌரவம்.

## படிப்பு

எங்கள் விருப்பம் பிளஸ் ஒன். அவன் விருப்பம் சீக்கிரம் சம்பாதிப்பது. ஒரு வயது குறைந்தவர்களோடு பெஞ்சில் உட்காரவும் கூச்சம். அம்மாச்சி எங்கள் பக்கம், அம்மா அவன் பக்கம். அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடப் பிரிவைச் சொன்னபோது முகம் மாறியது. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை. 2023-இல் சேர்ந்தான். பிளஸ் ஒன்னில் சேர்த்திருந்தால் நிலைத்திருப்பானா என்று எனக்குச் சந்தேகமே.

ஐடிஐயிலும் முதல் இரண்டு மாதம் நன்றாகப் போகவில்லை. பட்டறையில் யாராவது உரக்கக் கத்தினால் வெளியே ஓடிவிடுவான். எங்கிருந்தோ விஷயம் தெரிந்து சக மாணவன் ஒருவன் முறுக்கு என்று பெயர் வைத்தான்; ஒருநாள் இவன் அந்த மாணவன் மூக்கில் குத்திவிட்டான். நீக்குவது வரை பேச்சு போனது. அங்கிருந்த பயிற்றுநர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். பையனின் அனுமதியோடு நாங்கள் அவருக்கு விவரம் சொன்னோம். அவர் பரிதாபப்படவில்லை. வாசல் பக்கத்து மேசையை ஒதுக்கி, "போகணும்னா கேக்காம போ. ஆனா திரும்பி வா" என்றார். குத்து வாங்கியவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். பெயர் வைத்தவனையும் மன்னிப்புக் கேட்க வைத்தார். தீபாவளிக்குப் பிறகு அவன் வெளியே ஓடுவது நின்றது.

அந்த நவம்பரில் திருப்பூரிலிருந்து தாய்மாமன் வந்தார். பனியன் கம்பெனியில் மாதம் 12,000 ரூபாய், தன் வீட்டிலேயே தங்கல். நல்லெண்ணத்தோடு வந்த அழைப்பு. வீட்டில் குழுக்கடன் இன்னும் பாக்கி. "மாமா, 2025 ஜூலைக்கு அப்புறம் கேளுங்க" என்று பையன் சொல்லிவிட்டான். தாய்மாமன் பேச்சைத் தட்டிவிட்டானே என்று அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஊரில் சிலர், வந்தபோது இருந்த பொறுப்பு இப்போது இல்லை என்றார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த நாளை நான் முன்னேற்றம் என்று எழுதினேன்.

## தங்கை விஷயம்

நல்லது மட்டுமே நடந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். 2024 தொடக்கத்தில் தங்கை எங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். அண்ணன் தன் நோட்டைச் சோதிக்கிறான், தோழி வீட்டுக்குப் போகவிடுவதில்லை, ஒரு தடவை கை நீட்டிவிட்டான் என்றாள். அம்மா இதைத் தடுக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் கண்டிப்பது சரிதானே என்று நினைத்தார்.

கஷ்டப்பட்டு வந்த பையனைக் குடும்பத் தலைவனாக்கிவிடுவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. அவனுக்கும் அது பிடித்துவிடுகிறது. முறுக்குக் கம்பெனியில் அவன் பார்த்த ஒரே அதிகாரம் கத்துவதும் கை நீட்டுவதும்தான். அவனிடம் இதை நேராகவே பேசினோம். ஓனர் மாதிரியா நடந்துகொள்கிறேன் என்று அவனே கேட்டான். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, சொன்னேன். தங்கையின் படிப்பு, போக்குவரத்து எல்லாம் அம்மாவின் பொறுப்பு என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடிவாயிற்று. கைம்பெண் உதவித்தொகை 1,200 ரூபாயும், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தங்கைக்கு மாதம் 4,000 ரூபாயும் அதற்குள் வரத் தொடங்கியிருந்தன. பணத்துக்காக மகனையே நம்பும் நிலை தளர்ந்ததும் அம்மாவின் குரலும் வீட்டில் கொஞ்சம் உயர்ந்தது. தங்கை அதன் பிறகு இப்படி ஒரு புகார் சொல்லவில்லை.

## சாட்சி

மாநிலம் விட்டு மாநிலம் கடத்தப்பட்ட சிறாரின் சாட்சியத்தை அவர்கள் ஊரிலிருந்தே காணொளி வழியே பதிவு செய்வதற்கான நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2022-இல் வகுத்தது. 2024-இல் அழைப்பு வந்தபோது முதலில் முடியாது என்றான். ஓனர் முகம் திரையில் தெரியுமா என்பதுதான் கேள்வி. வற்புறுத்தவில்லை. சட்டப் பணிகள் குழு வழக்கறிஞர் மூலம் அவகாசம் கேட்டோம். சின்னவனின் அம்மா தன் மகனைச் சாட்சி சொல்ல விட மறுத்ததைக் கேள்விப்பட்ட பிறகு, தானே வந்து சம்மதம் சொன்னான். "அவன் சின்னப் பையன். அவன் கால்ல எண்ணெய் கொட்டினதை நான் பார்த்தேன், நான் சொல்றேன்" என்றான். மதுரை நீதிமன்ற வளாகத்தில் ஒரு தனி அறையிலிருந்து சொன்னான். குறுக்கு விசாரணையில், தப்பிக்க வேண்டுமானால் ஏன் முன்பே தப்பிக்கவில்லை என்று கேட்கப்பட்டது. முன்னாடி எனக்குத் தைரியம் இல்லை என்றான்.

## விளைந்தது

2025 ஜூலையில் ஐடிஐ முடித்தான். இப்போது ஒரு பணிமனையில் அப்ரண்டிஸ். குழுக்கடன் ஒன்று அடைந்துவிட்டது, ஒன்று பாக்கி. தங்கை பிளஸ் ஒன். இன்றும் சில நாள் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறான். மறுபடி தூங்கக் கற்றுக்கொண்டேன் என்கிறான். ஊர்க் கூட்டத்தில் பேச அழைத்தோம், மறுத்துவிட்டான். தன்னைக் காட்டி மற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்றான்.

அவனோடு மீட்கப்பட்ட மூத்தவர்கள் மூவரில் இரண்டு பேர் ஆறு மாதத்துக்குள் வேறு மாநிலத்துக்கு அதே வேலைக்குப் போய்விட்டார்கள். அதே அடுப்பு, அதே அடி. கஷ்டம்தான் மனிதனை ஆக்கும் என்றால் அவர்களையும் ஆக்கியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கும் ஏஜென்ட் பாக்கி கேட்டுப் போனார். அங்கே கணக்குப் போட ஆள் இல்லை. 18 வயது தாண்டியவர்கள் என்பதால் குழந்தைகள் நலக் குழுவின் தொடர் கவனிப்பும் அவர்களுக்கு இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எமி வெர்னர், வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமான மனிதர்களாக வந்ததைக் கண்டார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நம்பி நிற்க ஒரு பெரியவராவது இருந்தது. இன்னொன்று, பிறருக்கு உதவ வேண்டிய ஒரு பொறுப்பு சிறு வயதிலேயே வாய்த்தது. இந்தப் பையனுக்கு அம்மாச்சியின் நம்பரும், கேரியரில் உட்கார்ந்த சின்னவனும் இருந்தார்கள். ஊருக்கு வந்த பிறகு, தப்புச் செய்யவும் வேண்டாம் என்று சொல்லவும் கொஞ்சம் இடம் இருந்தது. அவனிடம் வளர்ந்த எதையும் நான் அந்த ஏழு மாதத்தின் கணக்கில் எழுத மாட்டேன்.

## மாற வேண்டியவை

கொத்தடிமை மீட்பில் உடனடி நிவாரணம் 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். அதற்கு விடுவிப்புச் சான்றிதழ் வேண்டும். அது வேலை பார்த்த ஊரிலிருந்து வர மாதங்கள் ஆயின. அதற்குள்தான் ஏஜென்ட் வந்து பாக்கி கேட்டார். மாவட்ட அளவில் ஒரு முன்பண ஏற்பாடு இருந்து, பின்னால் ஈடு செய்துகொள்ள வழி இருந்தால், அந்தப் பூக்காட்டு மாதங்கள் இத்தனை நெருக்கடியாக இருந்திருக்காது. சிறாருக்கான இரண்டு லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதியும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடியவில்லை, பணமும் வரவில்லை.

பதினெட்டைத் தாண்டிய மீட்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடமாவது பெயர் சொல்லி ஒரு பணியாளரைப் பொறுப்பாக்க வேண்டும். அந்த இரண்டு பேர் விஷயத்தில் யார் போய்ப் பார்ப்பது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

மீட்கப்பட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியிலும் ஐடிஐயிலும், அவரது அனுமதியோடு, ஒரே ஒரு ஆசிரியருக்கு முதல் நாளே விவரம் தெரிந்திருக்க வேண்டும். மூக்கில் குத்து விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளிலிருந்து பிளஸ் ஒன், ஐடிஐ சேர்க்கை முடியும் வரை உள்ள சில வாரங்கள்தான் ஏஜென்ட்களின் சீசன். தேறியும் எங்கும் சேராத பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் வாராவாரம் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுத்தால், ஏஜென்டுக்கு முன்னால் நாம் அந்த வாசலில் நிற்கலாம். 2025 மே 16-ஆம் தேதி ரிசல்ட் வந்ததும் இரண்டு ஊராட்சிகளில் இதைச் செய்து பார்த்தோம். பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். போகும்போது ஐடிஐ விண்ணப்பமும் உதவித்தொகைப் படிவமும் கையில் இருக்க வேண்டும். வெறும் அறிவுரையோடு போனால் அட்வான்ஸ் பணத்தோடு வருபவர்தான் ஜெயிப்பார்.